கேட்பளவு

மார்ச் 4

அன்புள்ள வாலு,

தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். உன் அண்ணனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். படுக்கை, கம்பளி, சாப்பாடு எல்லாம் சௌக்கியம் என்று அதில் இருக்கும். உனக்கு உண்மையை எழுதுகிறேன். படுக்கை நடுவில் குழி. கம்பளியில் யாரோ வளர்த்த நாயின் வாசனை. சாப்பாடு முழுக்க டப்பாவில் அடைத்தது. எந்த டப்பாவைத் திறந்தாலும் ஒரே ருசி.

ஆனால் இந்த மூடுபனி! காலையில் கதவைத் திறந்தால் வாசலுக்கு அப்பால் உலகமே இல்லை. முதல் சில படிகள் தெரியும், மிச்சத்தை நம்பித்தான் இறங்க வேண்டும். வெயில் ஏற ஏற, கலங்கரை விளக்கத்தின் வெள்ளை, பிறகு வேலி, பிறகு கடல் என்று ஒவ்வொன்றும், மறந்துபோன பெயர்கள் நாக்கில் வருவதைப் போலத் திரும்பி வரும்.

கடலடியில் இறக்கியிருக்கும் ஒலிவாங்கிகளின் வடம் பாறை மேல் ஏறி என் மேசைக்கு வருகிறது. அங்கிருந்து கரைக்கு, உன் அலுவலகத்துக்குப் போகிறது. நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் கூழாங்கற்கள் உரசும் சத்தம், ஏதோ பொரிவது போல் இறால்களின் சத்தம். நேற்று மதியம் அவை வந்தன. கேட்டேன் என்று சொல்வதைவிட, பட்டது என்று சொல்லலாம். மேல்மாடியில் யாரோ ஒரு கனமான அலமாரியை மெல்ல, மிக மெல்ல நகர்த்துவது போல. ஒன்று அழைத்தது. நான் தேநீர் போட்டு, குடித்து, கோப்பையைக் கழுவி வைத்த பிறகு, எங்கோ தொலைவில் இருந்து இன்னொன்று பதில் சொன்னது. திமிங்கலங்களுக்கு அவசரமே கிடையாது, வாலு.

உன் கணினிகள் என்ன சொல்கின்றன என்று எழுது. மாதக் கடைசியில் துறைமுகக் குழு கூடுகிறது. இந்த நீரிணையில் திமிங்கலம் இருக்கிறது என்று நாம் காட்டினால் பெரிய கப்பல்களின் பாதையைத் தெற்கே தள்ளுவார்கள். காட்டாவிட்டால் இப்போது போலவே இவற்றின் முதுகுக்கு மேலேயே ஓட்டுவார்கள். அப்படி அடிபட்டு ஒதுங்கிய ஒன்றை நான் பார்த்திருக்கிறேன், இன்னொன்றைப் பார்க்க மனமில்லை.

படகில் ஏறும் முன் உன்னிடம் சொன்னது உன்னோடு இருக்கட்டும். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு இடது காதில் குடியேறிய ரீங்காரம் இங்கேயும் கூடவே வந்துவிட்டது. வாடகை கொடுக்காத ஆள். உன் அண்ணனுக்குத் தெரிந்தால் அடுத்த படகில் கூட்டிப்போய்விடுவார். அலுவலகத்துக்குத் தெரிந்தால் இந்த வேலை போய்விடும். உனக்கு மட்டும்தான் தெரியும்.

உன்
அண்ணி

மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

பேனா பிடித்து எவ்வளவு காலமாயிற்று என்று இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். கோழி கிளறியது போல இருக்கிறது. அழிக்கிற பொத்தானும் இல்லை. தீவு வடம் ஒலிக்கு மட்டும்தான், சொந்தக் கதை அதில் போகக் கூடாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார். ஆகவே கோழியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் கடல் சுத்தமாக வந்து சேர்கிறது. மணிக்கு ஒரு கோப்பு. என் கணினி ஒன்றே அத்தனையையும் கேட்பதென்றால் அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன். அதனால் ‘பேரலல்’ என்று ஒரு கட்டளையைப் பிடித்திருக்கிறேன். அது கோப்புகளை என் கணினிக்கும் பக்கத்து அறையில் சும்மா கிடக்கும் கணினிகளுக்கும் பங்குபோட்டுவிடும். எல்லாம் ஒரே சமயத்தில் கேட்கும். மதியத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளி அந்த அறைக்குள் போய் நின்றேன். குளிர்காற்று, அடங்கிய உறுமல், மினுங்கும் பச்சை விளக்குகள். நானும் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறேன் என்று தோன்றியது. இயக்குநர் வந்து, “என்னம்மா, இங்க வந்து தூங்குறியா?” என்று கேட்கும் வரை.

கணினிகளுக்கு நான் சொல்லவேண்டியது ஒன்றுதான்: எவ்வளவு மெல்லிய சத்தம் வரை காது கொடுக்க வேண்டும் என்பது. அதற்கு ‘கேட்பளவு’ என்று பெயர் வைத்து, வேலையைத் தொடங்கும் முன் என் ஷெல்லில், அதாவது நான் கட்டளை தட்டுகிற அந்தக் கறுப்புத் திரையில், எழுதிவிடுகிறேன். அழைப்புகள் தூரத்தில் இருந்து வரும் என்று நீங்கள் சொன்னதால் மிகவும் தாழ்வாக வைத்திருக்கிறேன். வேறு ஒரு கடலில் எடுத்த பழைய பதிவை என் திரையில் போட்டுச் சோதித்தேன். ஒரு முனகலைக் கூட விடவில்லை.

இனிமேல்தான் கஷ்டம். உங்கள் பதிவுகளில் ஒன்றுமே இல்லை அண்ணி. நீங்கள் சொன்ன அந்த மதியம் உட்பட. கப்பல்கள், படகுகள், மழை, ஒரு தடவை நங்கூரச் சங்கிலி. திமிங்கலம் இல்லை. இரண்டாம் முறையும் ஓட்டினேன், அப்படியேதான்.

தப்பாக நினைக்காதீர்கள். ரீங்காரம் இப்போது எப்படி இருக்கிறது?

உங்கள்
வாலு

மார்ச் 22

அன்புள்ள வாலு,

உன் கடைசி வரியைப் பல முறை படித்தேன். கோழி கிளறியதில் அந்த வரி மட்டும் மணி மணியாக இருந்தது. யோசித்து யோசித்து எழுதியிருக்கிறாய்.

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் உன் கடிதம் வந்த அன்று முதல் எனக்கு என் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்கிறேன். ரீங்காரம் இருக்கிறது. மாட்டிக்கொண்டு கேட்கிறேன். ரீங்காரம் இருக்கிறது, அதற்குக் கீழே அந்த அலமாரி நகர்கிறது. திரும்பவும் கழற்றினால், நகர்ந்த மாதிரியே இருக்கிறது. எது உள்ளே, எது வெளியே என்று தெரியவில்லை. நேற்று குளிக்கும்போதும் கேட்டது. இங்கே பனி கதவு வரை வந்து நிற்பதால், உடம்பு எங்கே முடிகிறது, தீவு எங்கே தொடங்குகிறது என்பதே சில காலைகளில் எனக்குத் தெளிவாக இல்லை.

கலங்கரை விளக்கக்காரரைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். “ஏதாவது கேக்குதா?” என்றேன். “கேக்குதும்மா, ஆனா எனக்கு எப்பவுமே ஏதாவது கேக்கும், மோட்டார்ப் படகு இருபது வருஷம் ஓட்டினவன் காது” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. அவர் மரியாதையாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு உதவி செய். கணினியை விடு. பத்தாம் தேதி பிற்பகல் மூன்று மணிக் கோப்பை எடுத்து, நீயே காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேள். ஒரு மணி நேரம்தான். உனக்கும் கேட்கவில்லையென்றால் நானே மூட்டை கட்டுகிறேன்.

அண்ணி

ஏப்ரல் 2

வாலு,

நேற்று கலங்கரை விளக்கத்தின் போனுக்கு உன் அண்ணன் அழைத்தார். அவசரத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கிற போன். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பனிக்குள் தடுக்கி விழுந்து ஓடினேன்.

“உனக்குக் காதுல பிரச்சினைன்னு துறைமுக கேன்டீன்ல வேலை செய்றவன் வரைக்கும் தெரிஞ்சிருக்கு. கட்டின புருஷன் எனக்குத் தெரியாது” என்றார்.

“யார் சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“உன் செல்ல வாலுதான். மீட்டிங்ல, எல்லார் முன்னாடியும்.”

உன் கணினிகள் இல்லை என்று சொன்னால் நீ இல்லை என்று சொல். அது உன் வேலை. அதற்காக நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் அந்தப் படகுத்துறையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது கணினிக்குச் சொன்னதல்ல.

கோப்பைக் கேட்டாயா என்று இனி நான் கேட்கப்போவதில்லை.

ஏப்ரல் 10

அண்ணிக்கு,

என்ன எழுதினாலும் சாக்கு மாதிரிதான் இருக்கும். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

‘கண்டறியப்படவில்லை’ என்று நான் படித்து முடித்ததும் குழுத் தலைவர் நீங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும் குறிப்பைக் கையில் எடுத்தார். “அப்போ அந்தம்மா தினமும் கேட்டேன்னு எழுதியிருக்காங்களே, சும்மா எழுதுறாங்களா?” என்றார். யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. “அவங்க பொய் சொல்ற ஆள் இல்ல சார். காய்ச்சலுக்கு அப்புறம் அவங்களுக்குக் காதுல ஒரு ரீங்காரம்...” என்று வாயில் வந்துவிட்டது. உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன் அண்ணி. பாதி வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அறை முழுக்க “ஓ” என்றது, இரக்கத்தோடு. அந்த இரக்கம் அவர்களுக்கு ரொம்ப சௌகரியமாக இருந்தது. பாதையை மாற்ற வேண்டாம் என்று முடிவு. மே மாதம் கையெழுத்து.

பத்தாம் தேதிக் கோப்பை அதற்கு முன்னால் நான் கேட்கவில்லை. நேரமில்லை என்று உங்களிடம் சொல்லலாம். உண்மை அதுவல்ல. அத்தனை கணினிகள் கேட்ட பிறகு நான் ஒருத்தி எதற்கு என்று நினைத்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, காலியான கூட்ட அறையில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் வெறும் நீர். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஏணியில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். சோப்பு நுரை மெல்ல வழிந்து இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. நுரைதான் சத்தம் போடுகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு முதுகுத்தண்டில் ஏறியது. நீங்கள் சொன்ன அதே அலமாரி.

ஓடிப்போய் அந்த ஒரு கோப்பை மட்டும் என் திரையில் போட்டேன். கணினி உடனே ‘இருக்கிறது’ என்றது! அதே கோப்பைப் பேரலலில் போட்டேன். ‘இல்லை’ என்றது.

காரணத்தைச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். என் ஷெல்லில் நான் எழுதிவைத்த கேட்பளவு என் ஷெல்லுக்கு மட்டும்தான் தெரியும். பேரலல் ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக ஒரு பிள்ளை ஷெல்லைப் பெற்று வேலைக்கு அனுப்புகிறது. தாயிடம் இருப்பதெல்லாம் பிள்ளைக்குத் தானாகப் போகாது. ‘எக்ஸ்போர்ட்’ என்று ஒரு சொல் சேர்த்து வைத்ததன் நகல் மட்டும்தான் போகும். நான் அந்தச் சொல்லைச் சேர்க்கவில்லை. பிள்ளைகள் கேட்பளவு என்ற இடத்தில் வெறுமையைப் பார்த்தன. ஆனால் அதற்காக ஒன்றும் நிற்கவில்லை, கத்தவில்லை. யாரோ எப்போதோ வைத்த பழைய அளவை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து கத்தினால்தான் கேட்கும் காதோடு, சமர்த்தாக வேலையை முடித்துவிட்டு ‘இல்லை’ என்றன. நான் சோதித்த பழைய பதிவோ என் ஷெல்லிலேயே ஓடியது. அதனால் அங்கே எல்லாம் சரி.

ஒரு சொல்தான். சேர்த்துவிட்டேன். எல்லாப் பதிவுகளும் திரும்ப ஓடுகின்றன.

உங்கள் காது சரியாகத்தான் கேட்டது.

வாலு

ஏப்ரல் 18

அண்ணிக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை என்று எழுத நினைத்தேன், பொய். படகு வரும் நாளெல்லாம் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்ததில் அதன் கதவே கையோடு வந்துவிட்டது.

புதிய முடிவுகளை அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். திமிங்கலங்கள் இருக்கின்றன! ஆனால் விட்டு விட்டு வருகின்றன. ஒரு மணி நேரம் கூட்டமாக அழைக்கின்றன, அடுத்த சில மணி நேரம் ஒன்றுமில்லை, பிறகு திடீரென்று. இயக்குநர் பார்த்துவிட்டு, “வழிப்போக்கர்கள் போல இருக்கு. வந்துட்டுப் போறதுங்க” என்றார். அப்படியென்றால் பாதையை மாற்றமாட்டார்களாம். கப்பல்கள் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் போதும் என்பார்களாம்.

எனக்கு இதில் ஏதோ உறுத்துகிறது. என்ன என்று பிடிபடவில்லை. அங்கே உட்கார்ந்து கேட்பவர் நீங்கள். சொல்லுங்கள், அவை வந்துவிட்டுப் போகின்றனவா?

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் கூட எழுந்து சுற்றி வந்து தானே எடுத்துக்கொள்கிறான்.

வாலு

ஏப்ரல் 27

கணினிப் பிரிவின் கவனத்துக்கு,

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

இல்லை. அவை போகவில்லை. மாதம் முழுக்க இங்கேயேதான் இருக்கின்றன. நீங்கள் அனுப்பிய தாளை மேசையில் விரித்து, நான் நாள்காட்டியில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பதோடு ஒப்பிட்டேன். உங்கள் தாளில் சரியாக மணி மாறும் இடத்தில் அழைப்புகள் நின்றுபோகின்றன. ஒரு இடத்தில் ஒரு அழைப்பு பாதியிலேயே அறுந்திருக்கிறது. நான் அதை முழுதாகக் கேட்டேன். நீண்டு, தழைந்து, ஒரு பெருமூச்சு போல முடிந்தது. மணி அடித்ததும் எழுந்து வீட்டுக்குப் போக அவை என்ன அலுவலக ஊழியர்களா? திமிங்கலத்துக்கு மணி தெரியாது. மணிக்கு ஒரு கோப்பு என்பது உங்கள் ஏற்பாடு. கோளாறு கடலில் இல்லை.

இனி வாலுவுக்கு.

என் காது சரியாகத்தான் கேட்டது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது மனசு லேசானது, இல்லை என்று சொல்லமாட்டேன். மாலை வரை பாறை மேல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்று கேள். திமிங்கலமே இல்லாமல் இருந்திருந்தால்? நான் கேட்டது வெறும் ரீங்காரமாகவே இருந்திருந்தால், அப்போது அந்த அறையில் நீ சொன்னது சரியாகிவிடுமா? உன் கணினி தப்பு செய்தது என்பதால் நான் உன்மேல் கோபப்படவில்லை. அது சரியாகிவிட்டது என்பதால் என் கோபம் தீரவும் தீராது. இது வேறு கணக்கு.

உன் அண்ணனுக்கு உப்பை எடுத்துக் கொடு. அவர் கோபம் என்மேல்தான், உன்மேல் அல்ல. அவருக்கு எழுதியிருக்கிறேன்.

அண்ணி

மே 6

அன்புள்ள அண்ணிக்கு (இப்படித் தொடங்கலாமா என்று தெரியாமலே தொடங்குகிறேன்),

அறுந்த அந்த அழைப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த உடனே எந்தெந்த மணிக் கோப்பு எந்தக் கணினிக்குப் போனது என்று எடுத்துப் பார்த்தேன். திமிங்கலம் இருந்த கோப்புகள் எல்லாம் என் கணினி கேட்டவை. மௌனமான மணிகள் எல்லாம் பக்கத்து அறைக்குப் போனவை.

எக்ஸ்போர்ட் என்று நான் சேர்த்த சொல் என் கணினிக்குள் பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான் செல்லும். கண்ணாடிக் கதவைத் தாண்டி வேறு கணினிக்குள் போய் வேலை தொடங்குகிற பிள்ளை அங்கே உள்ள சூழலைத்தான் பார்க்கும். அங்கே கேட்பளவு என்ற பெயரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. திரும்பவும் வெறுமை, திரும்பவும் பழைய அளவு, திரும்பவும் சமர்த்தாக ‘இல்லை’.

எதிர் மேசை மீசைக்காரரிடம் சொன்னேன். “எதுக்குத் தலையைப் பிச்சுக்கிறே? உன் ஷெல்லுல இருக்கிறதை எல்லாம் மொத்தமா மூட்டை கட்டி அனுப்பு” என்றார். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. செய்து பார்த்தேன். பல வருடங்களாக நான் சேர்த்து வைத்த குப்பை எல்லாம் மூட்டையில் ஏறி, ‘பட்டியல் மிக நீளம்’ என்று கணினி கையை விரித்துவிட்டது. மீசைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் பேரலலிடம் அந்த ஒரே ஒரு பெயரைச் சொல்லி, இதை மட்டும் கூடவே எடுத்துப்போ என்று தனியாக எழுதினேன். இன்னொன்றும் செய்தேன். இனி ஒவ்வொரு பிள்ளையும் வேலையைத் தொடங்கும் முன் தன் கையில் இருக்கும் கேட்பளவு என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கை வெறுமையாக இருந்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

பிற்பகலில் முடிவுகள் வந்து விழத் தொடங்கின. திரையில் மணிக்கு மணி கோடுகள் ஏறின, இடைவெளிகள் ஒவ்வொன்றாகத் தூர்ந்தன. அறுந்த அழைப்பு, மணி மாறும் இடத்தைத் தாண்டி அடுத்த கோப்புக்குள் நீண்டு, நீங்கள் சொன்னபடியே தழைந்து முடிந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் மேசையின் ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைக்குப் போய்விட்டது. யாரோ நடந்தார்கள், யாரோ போனில் பேசினார்கள், எல்லாம் தண்ணீருக்கு மேலே எங்கோ நடப்பது போல இருந்தது. ஒரு குடும்பம் மொத்தமும் மாதக்கணக்கில் என் காலடியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறது அண்ணி.

நேற்று குழு கூடியது. அண்ணனும் வந்தான். துறைமுக ஊழியன் என்று பின் வரிசையில் உட்கார அனுமதி வாங்கியிருந்தான். நான் முடிவுகளைக் காட்டினேன், எங்கே தவறு நடந்தது என்று சொன்னேன். தலைவருக்குக் கோபம். “அப்போ போன தடவை சொன்னதும் மிஷின்தான், இப்போ சொல்றதும் மிஷின்தான். எதை நம்புறது?” என்றார்.

“எதையும் நம்ப வேண்டாம் சார். கேளுங்க” என்று சொல்லிவிட்டு, அறையின் ஒலிபெருக்கியில் அந்த அழைப்பைப் போட்டேன். மெதுவாக, முழுசாக. மேசை மேல் இருந்த தண்ணீர்க் குவளையில் நீர் நடுங்கியது. தலைவர் அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதையைத் தெற்கே தள்ளியிருக்கிறார்கள். நிரந்தரமாக இல்லை. இந்தப் பருவத்துக்கு, அடுத்த வருடம் மறுபடி பார்ப்பார்களாம். அதற்கு மேல் வாங்க முடியவில்லை.

எல்லாரும் எழுந்தபோது, “இன்னொண்ணு சொல்லணும் சார்” என்றேன். “போன கூட்டத்துல எங்க அண்ணியோட உடம்பைப் பத்தி நான் இங்க பேசினேன். அவங்க எனக்கு மட்டும் சொன்ன விஷயம் அது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. கூட்டக் குறிப்புல இருந்து எடுத்துடுங்க.”

“அதான் திமிங்கலம் இருக்குன்னு ஆயிடுச்சே, இப்போ அது எதுக்கு?” என்றார் தலைவர்.

“இல்லாம இருந்திருந்தாலும் எடுக்கச் சொல்லியிருப்பேன் சார்” என்றேன். சொல்லும்போதே அது என் வார்த்தை இல்லை, உங்களுடையது என்று தெரிந்தது. குரல் உடைந்துவிட்டது. செயலாளர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். சொன்னது சொன்னதுதான், அடித்தால் அழியாது. தெரியும்.

வெளியே வந்ததும் அண்ணன், “வா, டீ குடிப்போம்” என்றான். அவ்வளவுதான் பேசினான். சர்க்கரை டப்பாவை என் பக்கம் தள்ளினான்.

மன்னிப்பு கேட்க வரவில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிடும். நடந்ததைச் சொல்ல வந்தேன்.

வாலு

மே 16

அன்புள்ள வாலு,

இந்தப் பக்கம் கப்பல்கள் வருவது நின்ற பிறகு கடல் எப்படி மாறிவிட்டது தெரியுமா? எந்த நேரமும் அடியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு இரைச்சல் இல்லாமல் போனதும்தான், அது அங்கே இருந்ததே எனக்குத் தெரிந்தது. இப்போது வெகு தூரத்துக் குரல்கள் கூட வருகின்றன. நேற்று காலை பனிக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாக் குரல்களுக்கும் நடுவில் ஒரு புதுக் குரல். சின்னது. ஆரம்பிக்கிறது, பாதியில் வழுக்குகிறது, மறுபடி ஆரம்பிக்கிறது. பெரியவை பொறுமையாகக் காத்திருந்து, அது முடித்த பிறகுதான் பதில் சொல்கின்றன. கண்ணை மூடினால் நானும் அவற்றோடு அந்தப் பச்சை இருட்டில் மிதந்துகொண்டிருந்தேன். கலங்கரை விளக்கக்காரர் வந்து தோளைத் தொடும் வரை எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று புரிந்தது. திமிங்கலத்துக்கு இன்னொரு திமிங்கலம் பதில் சொல்லும். என் காதில் இருப்பதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. அதை வைத்துத்தான் இப்போது இரண்டையும் பிரிக்கிறேன்.

அதனால்தான் உனக்கு இதை எழுத வேண்டியிருக்கிறது. திமிங்கலம் உண்மை. ரீங்காரமும் உண்மைதான், வாலு. கொஞ்ச நாளாக இடது பக்கம் அது மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஹெட்போனில் கடல் வருவது நின்றுவிட்டது. முதலில் கம்பி அறுந்துவிட்டது என்று நினைத்து, மாற்றி மாட்டிப் பார்த்தேன். கம்பி நன்றாகத்தான் இருக்கிறது.

உன் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன். முழுசாகப் போகவில்லை. நீ அந்த அறையில் எழுந்து நின்றதை உன் அண்ணனும் எழுதியிருந்தார். ‘வாலு அழுதுட்டா, ஆனா நிறுத்தல’ என்று. அந்த வரியைப் படித்த பிறகு மிச்சம் இருந்ததும் கொஞ்சம் இளகிவிட்டது. மீதியை நேரில் பார்க்கும்போது திட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.

அடுத்த படகில் கரைக்கு வருகிறேன். ஒரு வாரம் விடுப்பு சொல்லியிருக்கிறேன். காது டாக்டரிடம் நேரம் வாங்கு. உன் அண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் வெளியே உட்காரட்டும், உள்ளே வந்தால் எனக்கு முன்னால் அவருக்கு மயக்கம் வந்துவிடும். நீ என்னோடு உள்ளே வா. என் இடது பக்கம் உட்கார். டாக்டர்கள் இந்த மாதிரி விஷயத்தை மெதுவாகத்தான் சொல்வார்கள். அவர் சொல்வது எனக்குக் கேட்காமல் போனால், நீ கேட்டுச் சொல்.

உன்
அண்ணி